வெறும் வண்ணம் என்பவர்களுக்கு

"சுவரில் படம் வரைந்தால் நீதி கிடைத்துவிடுமா?" இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இனவெறியை ஆதரிப்பவர்கள் இல்லை. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரரின் முழங்கால் அழுத்திய காணொளியைப் பார்த்துப் பதறியவர்கள்தான். ஆனாலும் தெருச்சுவரில் எழுதுவது, சிலையின் பீடத்தில் வண்ணம் பூசுவது, நடுச்சாலையில் செத்தவர்களின் பெயர்களைத் தீட்டுவது என்றால் முகம் சுளிக்கிறார்கள். போராட்டம் நீதிமன்றத்தில் நடக்க வேண்டுமாம். நினைவுச்சின்னம் என்றால் அரசு அனுமதியோடு கல்லில் எழ வேண்டுமாம். மற்றதெல்லாம் இரண்டு மழைக்குத் தாங்காத உணர்ச்சிவேகமாம். நியாயம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை, யாருடைய சாட்சியத்தை வரலாறு என்று ஒப்புக்கொள்வது என்ற கேள்வியில் அதிகாரத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஃபிளாய்ட் இறந்த பிறகு அந்நகரக் காவல்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. போலீஸாருடனான சந்திப்பின்போது மருத்துவக் காரணத்தால் ஒருவர் இறந்தார் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். கைவிலங்கு மாட்டியதும் அவர் உடல்நலம் குன்றியதைக் கவனித்தார்களாம், ஆம்புலன்ஸை அழைத்தார்களாம். முழங்காலைப் பற்றியோ கழுத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. முத்திரையோடும் முறையோடும் வந்த அரசு ஆவணம் அது. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் கைபேசியில் நடந்ததைப் பதிவு செய்யாமல் இருந்திருந்தால், அந்த ஆவணம்தான் இன்றுவரை வரலாறாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முடிவதற்குள், 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருந்த 'கப் ஃபுட்ஸ்' கடையின் பக்கச் சுவரில் ஒரு ஓவியம் எழுந்துவிட்டது. ஃபிளாய்ட் 20 டாலர் கள்ளநோட்டைக் கொடுத்தார் என்று போலீஸுக்குத் தகவல் போனது அந்தக் கடையிலிருந்துதான். கேடெக்ஸ் எர்ரேரா, ஸீனா கோல்ட்மன், கிரேட்டா மெக்லேன் ஆகியோரும் கூட இருந்த சிலரும் சேர்ந்து வரைந்தார்கள். நடுவில் ஃபிளாய்டின் முகம், அதன் பின்னால் பெரிய சூரியகாந்திப் பூ, அந்தப் பூவுக்குள் அவருக்கு முன்பு போலீஸாரால் கொல்லப்பட்ட மற்றவர்களின் பெயர்கள். காவல்துறை அறிக்கை ஒரு மரணத்தைத் தனிச் சம்பவமாக, அதுவும் நோயால் நேர்ந்த சம்பவமாகச் சொன்னது. சுவரோ அதை ஒரு வரிசையின் கடைசிப் பெயராகச் சொன்னது. இரண்டில் எது வரலாற்றுக்கு நெருக்கமானது என்று, ஆவணத்தை மட்டுமே நம்பச் சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திய போலீஸ்காரர் டெரெக் ஷோவினை ஓவியம் சிறைக்கு அனுப்பவில்லை. அது உண்மை. 2021 ஏப்ரலில் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததற்கும், பிறகு இருபத்திரண்டரை ஆண்டுகள் தண்டனை கிடைத்ததற்கும் அந்தக் காணொளியே பெரும் சாட்சியம். ஆனால் காணொளிக்கு முன்னால் யாரும் பூ வைக்க முடியாது. துக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். பெயரை உரக்கச் சொல்லவும், குழந்தையைக் கூட்டிவந்து காட்டவும், வருடா வருடம் திரும்பி வரவும் ஓர் இடம் வேண்டும். ஷோவினும் மற்ற போலீஸாரும் ஃபிளாய்டைத் தரையில் அழுத்திய அதே சாலை, அந்தச் சுவர் இருந்ததால் அப்படி ஓர் இடமாயிற்று. மக்கள் அந்த முனையைத் தடுப்பு வைத்து மூடி ஓராண்டுக்கு மேல் காத்தார்கள்.

அங்கே பூவும் மெழுகுவத்தியும் கடிதமும் பொம்மையும் குவிந்தபோது, ஜெனெல் ஆஸ்டின் உள்ளிட்ட அக்கம்பக்கத்தார் அவற்றைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட விதி மிக எளிது: ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் படைத்த காணிக்கை, ஆகவே எதையும் குப்பையில் போடக் கூடாது. மழையில் நனைந்த அட்டைகளை எடுத்து உலர்த்திப் பத்திரப்படுத்தினார்கள். கசங்கிய துண்டுக் காகிதத்துக்கும் பெரிய ஓவியத்துக்கும் ஒரே மரியாதை. அரசு நினைவகங்கள் எத்தனையோ இருக்கின்றன. வந்து வைத்தவர் யாரென்றே தெரியாத ஒரு தாளை இவ்வளவு அக்கறையோடு காக்கும் அரசு நினைவகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

'பொதுச் சொத்துக்குச் சேதம்' என்ற வாதத்துக்கு வருவோம். அதற்கு விடை வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் இருக்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி ராபர்ட் ஈ. லீக்கு அங்கே 1890இல் சிலை வைத்தார்கள். அந்த உள்நாட்டுப் போர் 1865இலேயே தோல்வியில் முடிந்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, தோற்ற தளபதியைக் குதிரையில் ஏற்றி, பீடத்தோடு சேர்த்து 60 அடி உயரத்துக்கு நிறுத்த வேண்டிய அவசியம் என்ன? சுற்றிலும் மனைகள் விற்கப்பட்டு வெள்ளையர் குடியிருப்பு வளர்ந்தது. அந்நகரின் கறுப்பினப் பத்திரிகையாசிரியரும் நகர்மன்ற உறுப்பினருமான ஜான் மிச்செல் அப்போதே எதிர்த்தார். கேட்பாரில்லை. அந்தச் சிலையும் பொதுவெளியில் எழுதப்பட்ட ஒரு வாசகம்தான். அதிகாரமும் பணமும் உள்ளவர்கள் எழுதியதால் அதை யாரும் சேதம் என்று சொல்லவில்லை, அவ்வளவே. அத்தகைய போர்ச் சின்னங்களை உள்ளூராட்சிகள் தாமாக அகற்ற முடியாதபடி மாநிலச் சட்டமும் 2020 வரை தடுத்து வைத்திருந்தது. சட்டப்படி போராடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள், சட்டமே சிலைக்குக் காவல் நின்ற இந்தக் காலத்தை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?

2020 மே மாத இறுதியில் அந்தப் பீடத்தில் வண்ணம் ஏறத் தொடங்கியது. ஜூன் 4 அன்று ஆளுநர் ரால்ஃப் நார்தம் சிலையை அகற்றப்போவதாக அறிவித்தார். இந்த வரிசையை நினைவில் வைக்க வேண்டும். பிறகு வழக்குகள் நடந்தன, மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2021 செப்டம்பர் 8 அன்று சிலை இறங்கியது. ஆம், இறுதியில் இறக்கியது சட்டம்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் அசையாத சட்டத்தை அசைத்தது தெரு.

அந்தக் கோடைக்காலத்தில் சிலையைச் சுற்றி நடந்ததையும் சொல்ல வேண்டும். வசவும் பெயரும் முழக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக, கை எட்டிய உயரம் வரையிலும் அதற்கு மேலும், கருங்கல்லே தெரியாத அளவுக்கு எழுதப்பட்டிருந்தன. 2018இல் ரிச்மண்ட் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்ட மார்கஸ்-டேவிட் பீட்டர்ஸின் பெயரைச் சிலையைச் சுற்றியிருந்த வட்டத்துக்கு மக்களே சூட்டினார்கள். கூடைப்பந்து வளையம் வந்தது. குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இரவில் டஸ்டின் க்ளைன் என்ற ஒளிக்கலைஞர் ஃபிளாய்டின் முகத்தையும் அடிமைத்தளையிலிருந்து தப்பி விடுதலைக்கு உழைத்த ஹாரியட் டப்மனின் முகத்தையும் அந்தக் கல்லின் மேல் ஒளியாகப் பாய்ச்சினார். கறுப்பின மக்கள் ஒதுங்கியே நடந்த புல்வெளி அவர்கள் உட்காரும் இடமாயிற்று. இதைச் சேதம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

வண்ணத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனில் 2020 ஜூன் 5 அன்று, வெள்ளை மாளிகைக்குப் போகும் 16ஆவது தெருவில், மேயர் மியூரியல் பவுசரின் உத்தரவால் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற வாசகம் பெரிய மஞ்சள் எழுத்துகளில் தீட்டப்பட்டது. அந்நகரில் அதே பெயரில் இயங்கும் அமைப்பே அதை ஏற்கவில்லை. காவல்துறையில் எதையும் மாற்றாமல் சாலைக்கு மட்டும் வண்ணமா என்று கேட்டது. மறுநாளே போராட்டக்காரர்கள் காவல்துறை நிதியைக் குறைக்கச் சொல்லும் வாசகத்தைப் பக்கத்தில் சேர்த்து எழுதினார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆட்சியில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாக வண்ணத்தை நீட்டினால், அது ஏமாற்றுதான். ஆனால் அந்தக் குற்றம் நீட்டியவரைச் சேரும். அதைக் காட்டி எல்லாச் சுவர்களையும் வெற்று அலங்காரம் என்று தள்ளுவது நேர்மையில்லை.

சரி, அந்த மஞ்சள் எழுத்துகள் வெறும் வண்ணம் என்றே வைத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிளைட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அவற்றை அழித்து அந்த இடத்தின் பெயரையும் மாற்றாவிட்டால் நகருக்கான போக்குவரத்து நிதியை நிறுத்தும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நகரம் பணிந்தது. அதே மாதம் 10ஆம் தேதி இயந்திரங்கள் வந்து சாலையை உடைக்கத் தொடங்கின. ஒன்றுமில்லாத ஒன்றை அழிக்க யாராவது மசோதா எழுதுவார்களா? தெரு ஓவியத்துக்குச் சக்தி இல்லை என்று அதன் நண்பர்கள்தான் நம்புகிறார்கள். எதிரிகள் ஒருநாளும் அப்படி நம்பியதில்லை.

நிலைக்காது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1967இல் சிகாகோவின் தென்பகுதியில், 43ஆவது தெருவும் லாங்லி அவென்யூவும் சேருமிடத்தில், வில்லியம் வாக்கர், ஜெஃப் டொனால்ட்சன் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் ஒரு பழைய கட்டடத்தின் மேல் தங்கள் நாயகர்களை வரைந்தார்கள். 'வால் ஆஃப் ரெஸ்பெக்ட்' என்று பெயர். நான்கே ஆண்டுகளில் தீ விபத்து, அதன்பின் கட்டடமே இடிக்கப்பட்டது. ஆனால் அதைப் பார்த்து அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குடியிருப்பு மக்கள் தங்கள் சுவர்களைத் தாங்களே வரையத் தொடங்கினார்கள். மினியாபொலிஸ் சுவரும் அந்த மரபில் வந்ததுதான். சிரியாவின் இட்லிப் பகுதியில், குண்டு விழுந்து இடிந்த வீட்டில் எஞ்சிய சுவரில் அஸீஸ் அஸ்மரும் அனீஸ் ஹம்தூனும் ஃபிளாய்டை வரைந்தார்கள். கராச்சியில் லாரி ஓவியர் ஹைதர் அலி வரைந்தார். யாரும் பணம் கொடுத்து வரையச் சொல்லவில்லை.

போராட்ட நாட்களில் மினியாபொலிஸ் கடைக்காரர்கள் கண்ணாடி உடையாமலிருக்க அடித்த ஒட்டுப்பலகைகளில் ஊரே வரைந்து தள்ளியது. கடைகள் திறந்ததும் குப்பைக்குப் போக இருந்த அந்தப் பலகைகளை லீசா கெல்லி என்ற பெண் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் தொடங்கிய அமைப்பிடம் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன. செயின்ட் தாமஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் இருந்து இத்தகைய படங்களைத் தொகுத்து ஆவணமாக்கி வருகிறார்கள். நிலைப்பதும் அழிவதும் பொருளின் குணம் மட்டும் இல்லை. யார் காக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. லீயின் கருங்கல்லும் காவல் விலகியதும் இறங்கிவிட்டதே.

லீயின் சிலையும் பீடமும் இப்போது வர்ஜீனியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. அந்தக் கற்களை என்றாவது மக்கள் பார்வைக்கு வைத்தால், கழுவாமல் வைக்க வேண்டும். முன்னுதாரணம் அதே நகரில் இருக்கிறது. தென்மாநிலங்களின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் சிலையை 2020 ஜூன் 10 இரவு மக்கள் கீழே தள்ளினார்கள். அந்தச் சிலையை வடித்தவர் எட்வர்ட் வாலன்டைன் என்ற சிற்பி. அவர் குடும்பம் நிறுவி, அவரே முதல் தலைவராக இருந்த வாலன்டைன் அருங்காட்சியகம் 2022இல் அந்தச் சிலையைக் காட்சிக்கு வைத்தது. மல்லாந்து கிடக்கும் நிலையில், நசுங்கிய முகத்தோடு, மக்கள் பூசிய வண்ணத்தைத் துடைக்காமல் வைத்தது.