ஆயில் மாத்தியாச்சா?

லோன் வாங்க வர்றவங்ககிட்ட "நிபந்தனையெல்லாம் ஒரு தடவை படிச்சுடுங்க சார்"னு தினமும் சொல்ற ஆள் நான். ஆனா என் சொந்தக் காரோட கையேட்டை நான் படிச்சதே இல்லை. அதுக்குக் கட்டின அபராதம் 78,000 ரூபாய். கூடவே ஒரு பொங்கலும் போச்சு.

புனேவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. 2020-ல ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு கதவுதான் இருக்கணும்னு சொல்றவங்க மன்னிக்கணும், இதுல நாலு. மிதிச்சா முதுகு சீட்டுல ஒட்டும். நாப்பது தாண்டினவனுக்கு அது போதும். (தங்கமணி அதுக்கு வெச்ச பேரு "ரெண்டாவது வாலிபம்".) கம்பெனி பேரு வேண்டாம், தப்பு வண்டி மேல இல்லை.

வாங்கின புதுசுல பக்கத்துத் தெரு மெக்கானிக், "ஸ்போர்ட்ஸ் காடி ஹை, காடா தேல் டாலோ சாப்"னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்தினார். கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு நானும் தலையாட்டினேன். பேங்க் வீட்டுலேர்ந்து மூணே கிலோமீட்டர். ரெண்டரை வருஷத்துல ஓடினது 7,000 கி.மீ.தான். "பத்தாயிரம் ஆகட்டும், மாத்திக்கலாம்"னு விட்டுட்டேன்.

2023 பொங்கலுக்கு மதுரை கிளம்பினோம். கிட்டத்தட்ட 1,300 கி.மீ. சித்ரதுர்கா தாண்டினதும் பின்னாடி நீலப் புகை, அப்புறம் பிக்கப் சுத்தமா போச்சு. சங்கராந்தி லீவு, ஒரு ஒர்க்‌ஷாப்பும் திறக்கலை. வண்டியை அங்கேயே விட்டுட்டு, பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தது மாட்டுப் பொங்கல் ராத்திரி. ரெண்டு நாளா வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும்தான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் வண்டியைப் பிரிச்சுப் பார்த்தா, டர்போவுக்கு ஆயில் போற குழாய்ல தார் மாதிரி கசடு. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சாமான் அது, ஆயில் படலத்துலதான் மிதக்குது. ஆயில் வரலைன்னா அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் கையேட்டைப் படிச்சேன். இப்போ என் கட்சி இதுதான்: ஸ்போர்ட்ஸ் காருக்குக் கெட்டி ஆயில்ங்கிறது வெறும் நம்பிக்கை. 5டபிள்யூ-40ன்னா, முதல் எண் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்ங்கிறதுக்கு. எண் குறையக் குறைய சுலபம். ரெண்டாவது எண் 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டிங்கிறதுக்கு. டொயோட்டா 86-க்கு 0டபிள்யூ-20, தண்ணி மாதிரி. பி.எம்.டபிள்யூவோட பழைய இ46 எம்3-க்கு 10டபிள்யூ-60. ரெண்டுமே அசல் ஸ்போர்ட்ஸ் கார்தான். பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் எப்படியோ, அதுக்கேத்த ஆயில். அதை வண்டி செஞ்சவன்தான் சொல்ல முடியும், தெருமுனைக் கடைக்காரர் இல்லை.

டப்பால இன்னொண்ணும் பார்க்கணும், தரக் குறியீடு. ஏ.பி.ஐ. எஸ்.என். 2010-ல வந்தது, எஸ்.பி. 2020-ல வந்தது. நேரடியா பெட்ரோல் பீச்சற டர்போ இன்ஜின்ல, கம்மி வேகத்துல பெட்ரோல் முந்திக்கிட்டு எரியற தொல்லை உண்டு. அதைத் தடுக்குதான்னு எஸ்.பி.க்குத் தனிச் சோதனையே இருக்கு. கையேடு கேக்கற எண்ணும் குறியீடும் இருந்தா எந்தக் கம்பெனி ஆயிலும் சரிதான். பில்லு போட்டு, சீல் உடையாத டப்பாவா வாங்குங்க.

"ஆயில் மாத்துங்கறதே சர்வீஸ் சென்டர் வியாபாரம்"னு நண்பர்கள் சொல்றாங்க. பாதி உண்மை. ஃப்ளஷ், அடிட்டிவ்னு தலையில கட்டறது வியாபாரம்தான். ஆயில் கறுத்தாலே கெட்டுப்போச்சுங்கறதும் சரியில்லை, அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கறது அதோட வேலை. ஆனா தேதி வியாபாரம் இல்லை. "இத்தனை கி.மீ. அல்லது 12 மாசம், எது முதலில் வருதோ அது". லோன் பத்திரத்துல இந்த மாதிரி வரியைத்தான் நான் அடிக்கோடு போட்டுக் காட்டுவேன்!

நம்மளை மாதிரி வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வருஷம் பூரா ஸ்கூல், ஆபீஸ், காய்கறிக் கடை. ஆயில் நல்லா சூடாகறதுக்குள்ள வண்டியை நிறுத்திடுவோம். உள்ளே இறங்கற பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிக் கசடாகும். அப்புறம் திடீர்னு ஒரு நாள், குடும்பத்தையே ஏத்திக்கிட்டு ஆயிரம் கிலோமீட்டர் விரட்டுவோம். கம்மியா ஓடற வண்டிக்குத்தான் காலண்டர் கணக்கு வேணும். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் முன்னாடி டிப்ஸ்டிக் பாருங்க, வருஷம் ஆயிருந்தா மாத்திடுங்க. ஹைவேல விரட்டிட்டு வந்து நிறுத்தினா, ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

நாலு லிட்டர் சிந்தெடிக் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆகுது. 78,000 பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அப்பாவுக்கு இப்போ 84 வயசு. கார் ஓட்டத் தெரியாது. ஆனா மார்கழி பொறந்ததும் போன் வந்துடும். எப்போ வர்றேன்னு கேக்கறதுக்கு முன்னாடி அவர் கேக்கறது: "ஆயில் மாத்தியாச்சாப்பா?"