காதுக்கு மட்டும்தானா பரீட்சை?

தாம்பரம் ரெயில் நிலையத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். மின்சார ரெயில் வருகிறது. ஒரே இரைச்சல்! ஆனாலும் பேச்சு நிற்பதில்லை. எப்படி? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். காது தவற விட்ட சொல்லைக் கண் பிடித்துக்கொள்கிறது.

சம்பி, பொல்லாக் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1954-ம் ஆண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரைச்சல் கூடக்கூட, பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவியும் கூடுவதைக் கண்டார்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்தில் நர்சு படிப்பு முடித்த பெண்கள் ஏராளம். இங்கிலாந்தில் வேலை வேண்டுமானால், பெரும்பாலும் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். "ஐ.இ.எல்.டி.எஸ்." என்பது ஒன்று. "ஓ.இ.டி." மற்றொன்று, இது மருத்துவத் துறையினருக்கு என்றே நடப்பது. இரண்டிலும் பேச்சைக் கேட்டு விடை எழுதும் பகுதி உண்டு. முதலாவதில் 40 கேள்விகள், அடுத்ததில் 42. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். படம் கிடையாது. தவறினால் மறுபடி பணம் கட்ட வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமா?

"ஓ.இ.டி." தேர்வின் முதல் பகுதியைப் பாருங்கள். நோயாளி தன் உபாதையைச் சொல்கிறார். கேட்டுக் குறிப்பு எழுத வேண்டும். ஆனால் நோயாளியின் முகம் தெரியாது! ஆஸ்பத்திரியில் எந்த நர்சாவது கண்ணை மூடிக்கொண்டு நோயாளியிடம் பேசுவாரா? "இங்கே வலிக்கிறது" என்று கையை வைத்துக் காட்டினால், அந்தக் கைதானே பாதிச் செய்தி!

"படம் காட்டினால் அது கேட்கும் பரீட்சை ஆகாது" என்பார்கள். டெலிபோன் பேச்சுக்கும் ரேடியோ செய்திக்கும் அது சரி. நேருக்கு நேர் பேசுவதற்குப் பொருந்தாது.

ஒரு சிக்கல் உண்டு. விடை எழுதும் அவசரத்தில் எல்லோரும் படத்தைப் பார்ப்பார்களா? ஆக்கி என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிலர் அதிக நேரம் பார்த்தார்கள். சிலர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. படம் முடிந்த பிறகு எழுத நேரம் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும். பார்வை இல்லாதவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

தேர்வு நடத்துகிறவர்கள் மாற்றும் வரை, ஆங்கிலப் படம் பார்த்தே பழகிய பிள்ளைகள் ஒன்று செய்யலாம். பரீட்சைக்குச் சில வாரம் முன்பிருந்தே திரையை மூடிவிட்டு, காதால் மட்டும் கேட்டுப் பழகட்டும்.