பாய்மரப் படகுக்கு எந்த எந்திரம்? கேள்வியைத் திருப்பிக் கேட்போம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், மாலை வேளைகளில் அரங்கன்திட்டுப் பக்கம் செல்வதுண்டு. 1940இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்த ஆற்றுத்திட்டுகளிடையே பார்வையாளர்களை ஏற்றிச்செல்லும் படகுகள் இன்றும் துடுப்பால்தான் நகர்கின்றன. டீசலா, மின்சாரமா என்ற விவாதமே அங்கு எழவில்லை. குறுகிய தொலைவு, கூடுகட்டும் பறவைகள், பாறையில் படுத்திருக்கும் முதலைகள் ஆகியவற்றின் நடுவே தேவைப்படுவது வேகமன்று, அமைதி. தேவையே கருவியைத் தீர்மானித்திருக்கிறது.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் மாணவர் ஒருவர் பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகின் வடிவமைப்பை முன்வைத்து, இதற்கு மின்மோட்டாரா, டீசலா, இரண்டும் இணைந்த ஹைபிரிட் முறையா என்று கேட்டார். அவை மூன்று அணிகளாகப் பிரிந்தது. "மின்சாரமே, ஐயமில்லை" என்று உரத்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அறைக்குத் திரும்பிக் கணக்கிட்டபோது, அறிவியலைக் காட்டிலும் என் அரசியல் விருப்பமே அங்கு பேசியது என்பதை உணர்ந்தேன். இப்பதிவு அதற்கான திருத்தம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி வெப்ப ஆற்றல் உள்ளது. சிறிய எந்திரம் அதில் நான்கில் ஒரு பங்கைத்தான் சுழல்தண்டுக்குத் தரும் என்று கொண்டாலும், 50 லிட்டர் தொட்டி 125 கிலோவாட்-மணி பயனுள்ள ஆற்றலைத் தாங்குகிறது. எரிபொருளின் எடை 45 கிலோவுக்கும் குறைவு. அதே ஆற்றலை லித்தியம் மின்கலத்தில் சுமக்க ஏறத்தாழ ஒரு டன் எடை வேண்டும். ஐந்து டன் படகில் இது சிறு சுமையன்று.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. நீரைப் பிளந்து செல்லும் படகுக்குத் தேவையான திறன், ஏறத்தாழ வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. 4 நாட் வேகத்துக்கு 2 கிலோவாட் போதுமென்றால், 6 நாட் வேகத்துக்கு 6.75 கிலோவாட் வேண்டும். 10 கிலோவாட்-மணி மின்கலம் முதல் வேகத்தில் 20 கடல் மைல் கொண்டுசெல்லும். இரண்டாம் வேகத்தில் 9 மைலுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே மின்படகின் எல்லையைத் தீர்மானிப்பதில் மின்கலத்துக்கு உள்ள பங்கு, மாலுமியின் பொறுமைக்கும் உண்டு.

கேரளத்தில் 2017 சனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரியப் படகின் வெற்றி இதை உறுதிப்படுத்துகிறது. 75 பயணிகள், 20 கிலோவாட் சூரியத் தகடுகள், அளவான மின்கலம், மாறாத குறுந்தொலைவு வழித்தடம். அங்கு ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பது முன்கூட்டியே தெரியும். 2023இல் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் படகுகளோ மின்கலத்தில் ஓடினாலும், டீசல் ஜெனரேட்டரையும் துணைக்கு வைத்திருக்கின்றன. பயணிகளை நடுநீரில் நிறுத்த முடியாது என்ற பொறுப்புணர்வின் விளைவு அது. அதைக் கொள்கைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

இவை இரண்டும் பாயில்லாப் படகுகள். பாய்மரப் படகில் எந்திரத்தின் பணி வேறு. துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று ஓய்ந்தபோது நகரவும், கரையை நோக்கித் தள்ளும் காற்றிலிருந்து தப்பவுமே அது தேவைப்படுகிறது. முதல் இரண்டு பணிகளை மின்மோட்டார் சிறப்பாகச் செய்யும். மூன்றாவதில், பாறைக்கரை நெருங்கும் இரவில், மணிக்கணக்காக முழுத்திறன் வேண்டும். என் கருத்தரங்க முழக்கம் அந்த இரவை மறந்திருந்தது.

ஹைபிரிட் இரண்டின் நன்மையையும் தரும் என்பது பொதுவான நம்பிக்கை. எந்திரம் மின்னாக்கியைச் சுழற்றி, மின்சாரம் மோட்டாரைச் சுழற்றும்போது, ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு உண்டு. விலை, எடை, பழுது ஆகிய மூன்றும் கூடுகின்றன. பாயில் செல்லும்போது உந்துவிசிறி சுழன்று மின்கலத்தை நிரப்புவது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் படகின் வேகத்திலிருந்து கழிக்கப்படுகிறது. நெடுநாள் பயணமும் படகுக்குள் மிகுந்த மின்தேவையும் இருப்பவர்களுக்கே இம்முறை பொருந்தும்.

தூத்துக்குடித் தோணிகளின் வரலாறும் நம்மை எச்சரிக்கிறது. பாயை விரித்து இலங்கைக்குச் சரக்கு கொண்டுசென்ற அந்த மரக்கலங்கள், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் டீசலுக்கு மாறின. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், எந்திரம் இருப்பினும் இல்லாவிடினும், பாயால் மட்டுமே செல்லப் போதுமான பாய்ப்பரப்பு உள்ள கலத்தையே பாய்மரக்கலம் என்று வரையறுத்தது. சட்டம் பாயை முதன்மையாக்கியது. காலந்தவறாமை வேண்டிய சந்தையோ எந்திரத்தை முதன்மையாக்கியது. எத்தகைய எந்திரமாயினும், பாயை அலங்காரமாக்கிவிட்டால் 'பசுமை' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

மின்சாரம் தூயது என்போர் அது பிறக்கும் இடத்தையும் நோக்கவேண்டும். இதே காவிரியில், 1902இல் சிவனசமுத்திரத்தில் பிறந்த நீர்மின்சாரம் 90 மைலுக்கு அப்பால் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. கோடையில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறைந்தது. அக்குறையைத் தீர்ப்பதும் கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று. சேமிப்பே சிக்கல் என்பதை இவ்வூர் நூறாண்டுகளுக்கு முன்பே அறியும். இன்று நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. படகிலேயே சூரியத் தகடு இருந்தால் கணக்கு மாறும். இல்லையேல் புகை வேறோர் ஊரில் எழும்.

எனவே என் நிலைப்பாடு இது: கழிமுகம், ஏரி, கரையோர ஒருநாள் பயணம் ஆகியவற்றுக்கு மின்மோட்டார். பெருங்கடலுக்குச் சிறிய டீசல் எந்திரமும், அதைத் தொடாமலிருக்கும் மாலுமியின் கட்டுப்பாடும். ஹைபிரிட் விதிவிலக்கு. அரங்கன்திட்டுக்குத் துடுப்பே போதும். அம்மாணவரிடம் நான் முதலில் கேட்டிருக்கவேண்டியது, "இப்படகு எங்கே, எவ்வளவு நேரம், யாருடன் செல்லப்போகிறது?" என்பதுதான். மாறுபடுவோர் தம் கணக்குகளுடன் எழுதுக. திருத்திக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.