வழிப்போக்கருக்கு ஒரு வாசல்

வெளிநாடு சென்று திரும்புவோர் அந்நாட்டுக் கழிப்பறைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் காசு கொடுத்து உள்ளே சென்றாலும் காகிதம்தான் இருக்கிறது. இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். இத்தாலியோ 1975இல் வீடுகளில் கழுவுதொட்டியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஜப்பானில் 1980இல் டோட்டோ நிறுவனம் கொண்டுவந்த வாஷ்லெட், பொத்தானை அழுத்தியதும் வெந்நீரைப் பீய்ச்சுகிறது. மார்க்கம் நமக்குக் கற்பித்த தூய்மையைப் பிறர் இயந்திரமாகவும் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டார்களே என வியக்கிறோம். வியப்போடு நின்றுவிடுகிறோம் என்பதே என் குறை.

சென்னை–திருப்பதி சாலையில் உள்ளது திருத்தணி. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் பெருங்கூட்டத்துக்கு எந்த நகராட்சி கட்டினாலும் கழிப்பறை போதாது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்குவர். (பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நம்மவரும் மறந்துவிடுகின்றனர்.) பெண்கள் காலை முதலே தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கின்றனர்.

இத்தகைய சாலைகளின் ஓரம் நம் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. உளூச் செய்ய இடமுண்டு, கழிப்பறையுண்டு. ஆனால் தொழுகை முடிந்ததும் பல இடங்களில் பூட்டு. கணவரும் மகனும் உள்ளே சென்று தொழுதுவர, தாயும் மகளும் வண்டியிலேயே காத்திருக்கின்றனர். நம் வீட்டுப் பெண்களுக்கே இந்நிலை என்றால், காவடியோடு நடந்துவரும் பெண் எங்கே போவாள்?

பள்ளியின் புனிதம் என்னாவது எனக் கேட்பார்கள். மஸ்ஜிதுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விட்டுவிட்டு, அவ்விடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நாம் கேட்பது அவ்வளவுகூட அல்ல. தொழுமிடத்தைத் தொடாமல், தெருவைப் பார்த்து ஒரு தனி வாசல்; எம்மதத்தவரும் வரலாம்.

மினாராவுக்கு நன்கொடை கேட்டால் உடனே கிடைக்கிறது, கழிப்பறைக்கென்றால் தயங்குகிறோம். தூய்மைப் பணியாளரின் சம்பளமும் கையுறையும் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கில் முதல் வரியாக இடம்பெறட்டும். பெண்கள் அறையின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதை, நிர்வாகிகளுக்குப் பதில் அவர்கள் வீட்டுப் பெண்களே வந்து பார்த்துச் சொல்லட்டும்.