மினோவின் மாற்றம் எது?

கியோட்டோ செல்லும் வழியை அடக்கிய ஜப்பானிய வளநாடு மினோ. டோக்கி குலத்தாரை விரட்டி அதை வென்ற சைத்தோ தோசான், 1556இல் தம் மகனோடு பொருது மாண்டார். 1567இல் ஓடா நொபுநாகா அந்நாட்டைக் கைப்பற்றினார். 1600இல் அதன் செக்கிகஹாராக் களத்தில் வென்ற தொக்குகாவா இயேயாசு ஜப்பானுக்கே தலைவரானார்.

வரலாறு இவர்களை மட்டுமே பேசுவது முறையா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான், பெயரற்ற குடிமக்களையே தேடுகிறேன். 1568இல் கானோ சந்தையில் குடியேறுவோருக்கு நொபுநாகா வரிவிலக்கு அளித்தார். வணிகக் குழுக்களின் தனியுரிமையையும் நீக்கினார். வாளால் பெற்ற வெற்றியினும் இவ்வாணையே பெரிது என்பேன். கோட்டையில் கொடி மாறினால் போதுமா, நண்பர்களே? குடிகளின் சுமை குறைவதே உண்மையான ஆட்சி மாற்றம்!