கசந்தால் துப்பிவிடுங்கள்



பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மில் பலருடைய வீடுகளில் ஒரு சிறு பொட்டலம் இருக்கும். பழைய சேலைத் துணியில் முடியப்பட்டோ, காலி மருந்துப் புட்டியில் அடைக்கப்பட்டோ அடுப்பங்கரை மேல்தட்டில் அது கிடக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதையோ, கத்தரி விதையோ, சுரை விதையோ அதில் இருக்கும். என் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. நாங்குநேரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் என் தாயார் கூரைமேல் ஏற்றிவிட்ட சுரையின் விதை அது. 2014ஆம் ஆண்டு அவர்கள் கடைசியாக மும்பைக்கு வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "கடையில வாங்காதய்யா, இதப் போடு" என்று என் கையில் தந்தார்கள்.

மராத்தியர் சுரைக்காயைத் 'துதி' என்கிறார்கள். புதிதாக வந்த நம் சபையார் சந்தையில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாத மழையோடு அந்த விதையை ஊன்றுவேன். ஆகஸ்டு மாதத்தில் எங்களுக்கும் சபையாருக்கும் போதுமான காய் கிடைக்கும். ஒரு காயை முற்றவிட்டு அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பேன். தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு, அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களையே பார்ப்பதுபோல் இருந்தது. ஆகவே அந்த விதையில் குற்றம் வரக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

2022ஆம் ஆண்டு இரண்டு கொடிகள் வளர்ந்தன. ஒன்று மொட்டை மாடியிலும் மற்றொன்று மதில்மேலும் படர்ந்தன. மாடிக் கொடியின் காயை நாங்கள் சமைத்தோம். மதில் கொடியின் முதல் காயை, ஓய்வுநாள் ஆராதனை முடிந்தபின், சபையில் எல்லாரும் பெரியம்மா என்று அழைக்கும் ஒரு விதவைத் தாயாரிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை அவர்களுடைய மகன் பதற்றத்தோடு தொலைபேசியில் அழைத்தார். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பேதி. நாங்கள் மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. இரண்டு இரவுகள் குளுக்கோஸ் ஏற்றிய பின்பே அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"காய் கசந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"கசக்கத்தான் செஞ்சுது ஐயா. பாஸ்டரையா தோட்டத்துக் காய எப்படிக் கொட்ட? ஜெபம் பண்ணிட்டு முழுங்கிட்டேன்" என்றார்கள்.

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. வீட்டுக்கு வந்து மதில் கொடியில் ஒரு காயை நறுக்கி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். பலமுறை வாய் கொப்பளித்தும் கசப்புப் போகவில்லை. மாடிக் கொடியின் காயோ எப்போதும்போல் இருந்தது. ஒரே காயிலிருந்து எடுத்த விதைகள் இரண்டுவிதமாய்ப் போனது எப்படி?

நடந்தது என்ன?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேதாகமக் கல்லூரியில் படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான். வேளாண்மை படித்த சபைத் தம்பி ஒருவர்தாம் விளக்கம் தந்தார்.

சுரைக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ நீண்ட காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். இந்த வெள்ளைப் பூக்கள் மாலையில் விரியும். இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள் ஒரு கொடியின் மகரந்தத்தை வேறொரு கொடிக்குக் கொண்டுபோகும். அதற்கு முந்தின ஆண்டு, அடுத்த மனைக்காரர் அழகுக்காகக் குடுக்கைச் சுரை ஒன்றைத் தகரக் கூரைமேல் படரவிட்டிருந்தார். உண்பதற்கல்லாமல் ஓட்டுக்காகவே வளர்க்கப்படும் இந்த வகைகளில் பல கடும் கசப்புள்ளவை. பண்டரிபுரம் பக்கத்தில் தம்புராவுக்கும் சித்தாருக்கும் விளைவிக்கிற பெரிய சுரையும் இப்படிப்பட்டதே. உருவம் வேறானாலும் இவையெல்லாம் ஒரே இனம். ஆகவே ஒன்றோடொன்று தடையின்றிக் கலக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேறு மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டுக் காயின் சதை மாறுவதில்லை. அது தாய்க்கொடியின் குணத்தையே கொண்டிருக்கும். கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து, அடுத்த ஆண்டு அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளிப்படும். ஒரு காயிலுள்ள விதைகள் அனைத்தும் ஒரே பூவின் மகரந்தத்தால் உண்டானவை என்றும் சொல்ல இயலாது. ஆகையால்தான் ஒரு விதை என் தாயாரின் சுரையாகவும், மற்றொன்று விஷமாகவும் வளர்ந்தது.

எவை கலக்கும், எவை கலவா?

பாகற்கொடியின் பக்கத்தில் வளர்ந்தால் சுரை கசக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. பாகலும் சுரையும் வெவ்வேறு இனங்கள்; அவை கலவா. சுரையும் பூசணியும் கலவா. வெள்ளரியும் முலாம்பழமும்கூடக் கலவா. ஆனால் சுரையோடு பேய்ச்சுரையும், பீர்க்கோடு பேய்ப்பீர்க்கும் கலக்கும். இவையே அபாயமான சேர்க்கைகள்.

தக்காளி, கொத்தவரை, காராமணி ஆகியவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ப்பவை. இவற்றின் விதையைத் துணிந்து எடுத்து வைக்கலாம். கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றைத் தேனீக்கள் ஓரளவு கலந்துவிடும். அரசின் விதைச் சான்றளிப்புத் தரத்தில், சான்று விதைக்காக இரண்டு வகைகளுக்கு நடுவே விடவேண்டிய தூரம் தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100, மிளகாய்க்கும் வெண்டைக்கும் 200, சுரை முதலான கொடிக்காய்களுக்கு 500 மீட்டர். அரை கிலோமீட்டருக்குள் யாருடைய கூரையில் என்ன கொடி படர்ந்திருக்கிறது என்று மும்பையில் யார் அறிவார்?

மிளகாயிலோ கத்தரியிலோ கலப்பு நேர்ந்தால் காரமோ நிறமோ மாறும், அவ்வளவே. 'எஃப்-1' என்று அச்சிட்ட வீரிய ஒட்டு விதைப் பொட்டலத்தில் விளைந்ததிலிருந்து விதை எடுத்தால் செடிக்குச் செடி வேறுபடும். அதனால் விளைச்சலில் நஷ்டம் வரலாம். ஆனால் சுரைக்குடும்பத்தில் கலப்பு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து வரக்கூடும்.

சமையலால் தீராத விஷம்

இந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்னும் பொருள். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. உப்பும் புளியும் வெல்லமும் சுவையை மறைக்குமேயன்றி விஷத்தை முறிக்காது. இதற்கென்று தனி மாற்று மருந்தும் இல்லை. தில்லியில் 2010ஆம் ஆண்டு சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்சாற்றோடு கலந்து அருந்திய ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். பாகலின் கசப்பு சுரையின் கசப்பை மறைத்துவிடும் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் ஹைடன்ஹைம் நகரில் 2015ஆம் ஆண்டு, வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினிக் காயை உண்ட 79 வயது முதியவர் மரித்தார். கசந்ததினால் சிறிதளவே உண்ட அவருடைய மனைவி பிழைத்தார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவின் ஆலோசனைகள் 2012ஆம் ஆண்டு வெளியாயின. சாறு எடுக்குமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வேறு சாற்றோடு கலக்காதீர்கள். குமட்டலோ வாந்தியோ பேதியோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்பதே அதின் சாராம்சம். சமையலுக்கும் இதையே கைக்கொள்ளுங்கள். கடைக்காயானாலும் சரி, சொந்தக் காயானாலும் சரி, ஒவ்வொரு காயையும் நறுக்கியவுடன் சோதியுங்கள். கடும் வெயிலாலும் தண்ணீர்க் குறைவாலும்கூட நல்ல கொடியின் காய் கசப்பதுண்டு.

எலிசாவின் நாட்களில் கில்காலிலே பஞ்சம் உண்டாயிருந்தபோது, கீரை பறிக்கப் போனவன் இன்னதென்று அறியாமல் பேய்க்கொம்மட்டிக் காய்களை மடிநிறையக் கொண்டுவந்து பானையில் அரிந்துபோட்ட சம்பவத்தை நீங்கள் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் வாசித்திருப்பீர்கள். அந்தக் காயிலும் இருப்பது இதே வகை விஷந்தான். கொண்டுவந்தவன் கெட்டவன் அல்ல, அறியாதவன். நானும் அப்படியே இருந்தேன். ஆனால் அன்று பந்தியிருந்தவர்களைப் பாருங்கள். தேவமனிதன் வீட்டுச் சாப்பாடு என்று அவர்கள் மௌனமாக விழுங்கவில்லை. வாயில் வைத்தவுடனே கூப்பிட்டார்கள். அதுவே அவர்களுடைய உயிரைக் காத்தது. அங்கே மாவு போட்டது தீர்க்கதரிசியின் மூலம் நடந்த அற்புதம். நம் அடுப்பங்கரையில் கசந்த குழம்புக்குக் குப்பைத்தொட்டியே இடம். ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிடுவது நல்லது. ஆனால் கர்த்தர் கொடுத்த நாக்கு எச்சரித்த பின்பும் விழுங்குவது விசுவாசமல்ல.

தூய விதை எடுக்கும் வழி

இதற்காக விதைப் பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். வழி இருக்கிறது. நாளை மாலை விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றையும், அதே வகையின் ஆண் மொட்டு ஒன்றையும் தெரிந்துகொண்டு, அவற்றின் நுனியை நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். மறுநாள் பொழுது சாயும்போது கட்டை அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதின் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவுங்கள். உடனே பெண் பூவை மறுபடியும் கட்டி, காம்பில் அடையாளத்திற்கு ஒரு வண்ண நூல் முடியுங்கள். அந்தக் காயைப் பறிக்காமல், ஓடு இறுகி விதை குலுங்கும் வரை கொடியிலேயே விடுங்கள். முக்கியமாக, நீங்கள் சுவைத்து நல்லதென்று கண்ட கொடியிலேயே இதைச் செய்யுங்கள். விதையை நிழலில் நன்றாய் உலர்த்தி, மும்பை மழையின் ஈரம் புகாதபடி இறுக மூடிய புட்டியில் சிறிது சாம்பலோடு வையுங்கள்.

நான் இரண்டு கொடிகளையும் வேரோடு பிடுங்கினேன். எஞ்சியிருந்த விதையையும் எரித்தேன். அன்று என் கை நடுங்கியது உண்மை. பின்பு ஊரிலுள்ள என் தமக்கையாரிடம் கேட்டபோது, அதே சுரை அவர்கள் வீட்டுக் கூரையில் காய்ப்பதாகச் சொல்லிப் பத்து விதைகள் அனுப்பினார்கள். இப்போது நூல் கட்டி விதை எடுக்கிறேன்.

பெரியம்மாவுக்கு மறுபடியும் காய் கொடுக்க எனக்கு ஓராண்டு தைரியம் வரவில்லை. கொடுத்தபோது, அவர்கள் என் முன்பாகவே கத்தியை எடுத்து ஒரு துண்டு நறுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஐயா" என்று சிரித்தார்கள். அதைவிட மேலான மரியாதையை நான் பெற்றதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். யார் தந்த காயானாலும் சரி.

அடுத்த இதழில் சந்திப்போம்.