ஆலைக் கழிவும் தலையெழுத்தும்

ஆலை என்றிருந்தால் புகையும் நாற்றமும் இருக்கத்தான் செய்யும், தொழில் வேண்டுமென்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பதாக முதலாளிமார்கள் சொல்லி வருகிறார்கள். பக்கத்தில் குடியிருக்கும் ஏழைகளோ "நம் தலையெழுத்து" என்று இருமிக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். இரண்டும் பொய் என்கிறோம். பிரிட்டன் தேசத்தில் நடந்த சங்கதியைக் கொண்டே ருஜுப்பிக்கிறோம்.

சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவைச் சாதாரண உப்பிலிருந்து செய்யும் வழியை 1791-ல் லெப்ளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டார். இந்த முறையில் 8 டன் சோடா செய்தால் சுமார் 5½ டன் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். கந்தகக் கழிவும் மலைபோல் குவிந்து அழுகிய முட்டையாய் நாறும். செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களில் மரங்கள் பட்டுப்போயின. முதலாளிகள் செய்த பரிகாரமென்ன? புகைபோக்கியை உயர்த்தினார்கள்! கிளாஸ்கோ நகரில் 1842-ல் 400 அடிக்கு மேல் ஒன்று எழும்பிற்று. இந்த ஊர் மூக்குக்குப் போனது அடுத்த ஊர் மூக்குக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

வழி தெரியாமலா இப்படிச் செய்தார்கள்? இல்லை. கோபுரத்துக்குள் கோக் கரியை நிரப்பி, மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, கீழிருந்து ஆவியை ஏற்றினால் அது கரைந்து இறங்கிவிடும் என்பதை 1836-லேயே காசேஜ் என்பவர் காட்டிவிட்டார். ஆனால் 100-க்கு 95 பங்கு ஆவியை அடக்கியே தீரவேண்டும் என்ற சட்டம் வந்தது 1863-ல். அறிவு வந்து 27 வருஷம் வரை ஜனங்கள் இருமியது யாருடைய எழுத்து?

அடக்கிய அமிலத்தையும் ஆற்றில் விட்டார்கள். பிறகு 1870 வாக்கில் வெல்டன், டீக்கன் என்பவர்கள் அதிலிருந்து குளோரின் எடுக்கும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். அது துணிக்கும் காகிதத்துக்கும் வெளுப்புத் தூளாயிற்று. மலிவான சால்வே சோடா போட்டிக்கு வந்தபோது லெப்ளாங்க் ஆலைகளுக்கு உயிர்கொடுத்தது இந்தத் தூள்தான்! 1888 வாக்கில் நாற்றக் குவியலிலிருந்தும் கந்தகம் மீட்கப்பட்டது. அதற்கு உதவிய கிளவுஸ் முறையே இன்றும் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் எடுக்கிறது.

"எல்லாக் கழிவிலும் லாபம் வருமா?" என்பார்கள். வராதுதான். வராவிட்டால் ஊரார் நுரையீரலில் கொட்டலாமா? 1863-ஆம் வருஷத்துச் சட்டம் லாபம் வருமா என்று கேட்கவில்லை; ஆவி வெளியே வரக்கூடாதென்றது. லாபம் பின்னால் வந்தது.

ஆகவே தோழர்களே! ஆலைக்குப் படம் வரையும்போதே "கழிவு எங்கே போகும், என்னவாகும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவனுக்கு அடுப்பு மூட்ட அனுமதி கொடாதீர்கள்.